நேற்று அனுப்பிய ‘ஆன்’

எஸ்.எம்.எஸ். அனுப்பி மோட்டார் ஓட்டும் பெட்டி செய்கிறவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “எவ்வளவு தூரத்தில இருந்து ஓட்டலாமுங்க?” என்றுதான். சிங்கப்பூரில் இருந்தும் ஓட்டலாம். தூரம் எங்களுக்கு ஒருநாளும் சிக்கலாக இருந்ததில்லை. கேட்க வேண்டியது, “அனுப்பி எவ்வளவு நேரம் கழிச்சு ஓடும்?” என்பது. அதை வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் வாயைத் திறப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் நிரலை எழுதுகிறவன் மட்டும் அந்தக் கேள்வியோடு காலம் தள்ள வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் நான் பார்த்துவரும் வேலை அதுதான்.

அனுப்பும் செய்தி நேராக மோட்டார் ரூமுக்குப் போவதில்லை. செல்பேசி நிறுவனத்தின் செய்தி மையத்தில் போய் உட்காரும். அங்கிருந்து பெட்டியில் உள்ள சிம்மைத் தேடும். சிக்னல் இருந்தால் சில நொடிகளில் வந்துவிடும். இல்லாவிட்டால் மையம் அதை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். பேட்டரி தீர்ந்து கிடந்த பெட்டி மறுநாள் உயிர்பெற்றால் செய்தி மறுநாள் வந்து சேரும். அதில் ‘ஆன்’ என்று இருக்கும். தாமதமாக வந்த தபாலைப் பிரிக்கிற மனிதர் மேலே தேதியைப் பார்ப்பார். நிரல், நாம் சொல்லிவைத்தால் ஒழிய, பார்க்காது.

நான் இதற்குள் வந்தது மின்னஞ்சல் வழியாக. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் ஏர்நெட் இணைப்பு இருந்த கல்விக்கூடங்களில் சிலருக்கு மின்னஞ்சல் மட்டும் கிடைத்தது. அந்த ஒற்றைச் சன்னல் வழியாக எங்கோ இருக்கும் கணினிக்கு வேலை சொல்ல முடியும் என்பதை எனக்குக் காட்டியது எஃப்டிபி மெயில். அமெரிக்காவில் டெக் நிறுவனத்தின் கணினி ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதுவோம். எந்தச் சர்வரோடு இணைய வேண்டும், எந்த அடைவுக்குள் போக வேண்டும், எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்று வரிக்கு ஒரு கட்டளை. கடைசி வரியில் ‘க்விட்’. அதைப் படித்து, கோப்பை எடுத்து, எழுத்துகளாக மாற்றி, துண்டு துண்டாக நறுக்கி, திருப்பி அனுப்பும் நிரலை எழுதியவர் பால் விக்சி. துண்டுகள் வரிசை மாறி வரும், ஒன்றிரண்டு காணாமலும் போகும். ஆனாலும், எழுதிப் போட்ட கடிதத்துக்கு ஒரு இயந்திரம் கீழ்ப்படிந்தது என்ற மயக்கம் எனக்கு இன்னும் தெளியவில்லை.

பிறகு ஒரு நூற்பாலையின் கணினி அறையில் வேலை. முதலாளி ஊரூராகச் சுற்றுகிறவர். எங்கே இருந்தாலும் அன்றைய நூல் இருப்பு அவருக்குத் தெரிய வேண்டும். லினக்ஸ் கணினியில் புரோக்மெயில் என்ற அஞ்சல் நிரலை வைத்து ஒரு விதி எழுதினேன். தலைப்பில் ‘ஸ்டாக்’ என்று அவர் முகவரியில் இருந்து வந்தால், இருப்புக் கணக்கை ஓட்டி, அதே முகவரிக்கு அனுப்பிவிடு. நாலே வரிதான். அந்த நாலு வரிக்குப் பின்னால் வந்த தலைவலிகளில் இருந்துதான் பின்னாளில் மோட்டார் பெட்டிக்கு வேண்டிய பாடம் முழுவதும் கிடைத்தது.

முதல் தலைவலி, கட்டளை எங்கே முடிகிறது என்பது. மனிதர்கள் கட்டளை மட்டும் எழுதுவதில்லை. வணக்கம், நன்றி, பெயர், பதவி, கடைசியில் அலுவலகம் சேர்த்துவிடும் சட்ட எச்சரிக்கை. போதாததற்கு, வந்த பதிலுக்கே பதில் போட்டால் பழைய கடிதம் முழுவதும் கீழே தொங்கும். அதில் பழைய கட்டளையும் இருக்கும். அஞ்சல் குழுக்களை நடத்திய மேஜர்டோமோ என்ற நிரலில் ‘எண்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. அந்த வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள் என்று பொருள். கையெழுத்தைக் கட்டளையாக எண்ணி நிரல் குழம்பக் கூடாது என்பதற்காகவே வைத்தது. மேஜர்டோமோவை 1992-இல் எழுதிய பிரெண்ட் சாப்மேனுக்கு மனிதர்களின் கடிதம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

இரண்டாவது, அனுப்பியவர் யார் என்பது. மின்னஞ்சலில் ‘அனுப்புநர்’ இடத்தில் யாரும் எதையும் எழுதலாம். 1982-இல் வகுத்த அஞ்சல் நெறிமுறை, அனுப்புகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் நின்றது. அந்தக் காலத்து அப்பாவித்தனத்துக்கு விழுந்த பெரிய அடி 1988 நவம்பர் 2. கார்னெல் மாணவர் ராபர்ட் மாரிஸ் அவிழ்த்துவிட்ட புழு நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் நிரலில் சோதனைக்காக வைத்திருந்த ‘டீபக்’ கதவு. அது திறந்திருந்த கணினியில், கடிதத்தின் பெறுநர் இடத்தில் ஆளின் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையைக் கொடுத்தால், அஞ்சல் நிரல் அதை ஓட்டிவிடும். நாங்கள் அரும்பாடுபட்டுச் செய்யும் வேலையை அது கேட்காமலே செய்து கொடுத்தது.

பொய் அனுப்புநருக்கு மேஜர்டோமோ வகை நிரல்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளியது. கட்டளை வந்தவுடன் செய்யாதே. ஒரு ரகசிய எண்ணை அந்த முகவரிக்கு அனுப்பு. அதே எண் திரும்பி வந்தால் செய். முகவரியைப் பொய்யாக எழுதலாம், அந்தப் பெட்டிக்கு வரும் கடிதத்தைப் படிக்க முடியாதே. முதலாளிக்கு இந்த இரட்டை வேலை பிடிக்கவில்லை. இருப்புக் கேட்க ஒரு கடிதம், நான்தான் கேட்டேன் என்று சொல்ல இன்னொரு கடிதமா என்றார். இருப்புக்கு வேண்டாம், விலையை மாற்றும் கட்டளைக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டோம். படிக்கிற கட்டளை வேறு, மாற்றுகிற கட்டளை வேறு என்ற அந்தப் பிரிவை நான் இன்றுவரை விடவில்லை.

மோட்டார் பெட்டிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறை வைத்து வந்த காலம் அது. நடுச்சாமத்தில் கரண்ட் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். பாம்பு, தேள், மழை. இந்த நடையை மிச்சப்படுத்தத்தான் பெட்டி. புனேயில் சந்தோஷ் ஓஸ்த்வால் ‘நானோ கணேஷ்’ என்ற பெயரில் இதைச் செய்து பேர்வாங்கியிருந்தார். பம்புசெட் ஊரான கோவையில் அதே யோசனை பல பட்டறைகளில் முளைத்தது. அதில் ஒன்றில் நான் இருந்தேன்.

உள்ளே இருந்தது ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு 8051 வகைச் சில்லு, இரண்டு ரிலே, ஒரு பேட்டரி. சில்லில் நிரலுக்கு 8 கிலோபைட் இடம், வேலை செய்ய 256 பைட் நினைவகம். ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து வரை வரும். அப்படியே வாங்கி வைத்தால் நினைவகத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் செய்தியை முழுதாக வைக்காமல், ஓடையில் போகும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

‘ஆன்’, ‘ஆஃப்’ என்று ஆங்கிலத்தில் தட்டுவதுதான் முதலில் வைத்த கட்டளை. பட்டன் போனில் ‘ஆன்’ என்பதன் இரண்டு எழுத்தும் ஆறாம் பொத்தானிலேயே இருக்கின்றன. மூன்று தடவை அழுத்தி, பொறுத்திருந்து, மறுபடி இரண்டு தடவை அழுத்த வேண்டும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு அந்தப் பொறுமை வராது. போன் தானாக முதலெழுத்தைப் பெரிதாக்கும், கடைசியில் ஒரு இடைவெளி சேரும். இன்னொன்று, ஆங்கிலத்தில் ‘ஆஃபர்’ என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து ‘ஆஃப்’தான். செல்பேசி நிறுவனம் அனுப்பும் ரீசார்ஜ் விளம்பரத்தைப் பார்த்து மோட்டாரை நிறுத்தாமல் இருக்க, அனுப்பிய எண்ணைச் சரிபார்த்த பிறகே சொல்லைப் பார்க்க வேண்டும். கடைசியில் எழுத்தையே விட்டுவிட்டு 1, 0 என்று மாற்றினோம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் எண் விழுந்துவிடும்.

தமிழில் கட்டளை வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். எனக்கும் ஆசைதான். தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 போய் 70 ஆகிவிடும். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘மோட்டார்’ என்று நாம் படிப்பது நான்கு எழுத்து, செய்திக்கு அது எட்டு. அனுப்பும் போனும் தமிழ் தெரிந்ததாக இருக்க வேண்டும். எண்ணே போதும் என்று ஒதுக்கினேன்.

எண் என்றாலும், மாற்றிப் போடும் ஒற்றைக் கட்டளை கூடவே கூடாது. ஓடினால் நிறுத்து, நின்றிருந்தால் ஓட்டு என்று ஒரே கட்டளை வைக்க வியாபாரிகளுக்கு அப்படி ஒரு ஆசை. வாடிக்கையாளருக்குச் சுலபமாம். செய்தியைப் பெற்றுக்கொண்டேன் என்று சிம் சொல்லும் ஒப்புதல் வழியில் தொலைந்தால், மையம் அதே செய்தியை மறுபடி அனுப்பும். மாற்றிப் போடும் கட்டளை இரண்டு முறை வந்தால் மோட்டார் ஓடி நின்றுவிடும். ‘1’ எத்தனை முறை வந்தாலும் ஓடு என்றுதான் பொருள். இதற்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சம் இல்லை.

மிஸ்டு கால் வந்தபோது அந்தச் சண்டை மறுபடி முளைத்தது. காசு செலவில்லாத கட்டளை நம் ஊரில் தோற்குமா? அழைப்பு வந்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, எடுக்காமலே துண்டித்து, வேலையைச் செய். ஆனால் மிஸ்டு காலில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அதை நிறுத்துவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஓட்ட வேண்டுமானால் செய்தி அனுப்பட்டும். அழைப்பு அந்த நிமிடத்தில் நடப்பது, தாமதமாக வந்து சேர வழியில்லை. நிறுத்துவதற்கு அதைவிட நல்லது வேறில்லை.

இனி தாமதம். செய்தியை மாட்யூல் நமக்குக் கொடுக்கும்போது அனுப்பிய எண்ணோடு ஒரு நேர முத்திரையும் தரும். மையத்துக்கு அது வந்து சேர்ந்த நேரம். கடைசியில் ‘+22’ என்று இருக்கும். கால் மணி நேரங்களில் கணக்கு, இருபத்திரண்டு கால் மணி என்றால் ஐந்தரை மணி, நம் நாட்டு நேரம். அனுப்பிய நேரம் தெரிந்துவிட்டது. இப்போது மணி என்ன? அந்தப் பெட்டியில் கடிகாரம் இல்லை. கடிகாரச் சில்லு வைத்தால் விலை ஏறும் என்றார்கள். அதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. பெட்டி தன் எண்ணுக்கே ஒரு செய்தி அனுப்பிக்கொள்ளும். அது திரும்பி வரும்போது அதன் மேல் இருக்கும் முத்திரைதான் இப்போதைய நேரம். தனக்குத்தானே கடிதம் எழுதி மணி பார்க்கும் பெட்டி. பிற்பாடு கடிகாரச் சில்லு விலை இறங்கியதும் அந்த வழியைக் கைவிட்டோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சிம் நிறைந்துபோவது இன்னொரு கூத்து. சாதாரண சிம்மில் இருபது முப்பது செய்திக்குத்தான் இடம். விளம்பரங்கள் வந்து அடைத்துக்கொண்டால் புதிய செய்தி உள்ளே வராது, மையத்தில் காத்திருக்கும். மெக்கானிக் போய்ப் பழையதை அழிப்பார். அழித்த கணத்தில் காத்திருந்ததெல்லாம் வரிசையாகக் கொட்டும். முந்தாநாள் ஆன், நேற்றைய ஆஃப், நேற்றைய ஆன். முத்திரை பார்க்காத பெட்டியாக இருந்தால் ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். வந்த செய்தியைச் சிம்மில் சேர்க்காமல் நேராகச் சில்லுக்குக் கொடு என்று மாட்யூலுக்குச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டும்.

அனுப்புகிற பக்கத்திலும் ஒரு மருந்து இருந்தது. பழைய நோக்கியா போன்களில் செய்தியின் ஆயுளைக் குறித்துவைக்க இடம் உண்டு. ஒரு மணி நேரம் என்று வைத்தால், அதற்குள் சேராத செய்தியை மையமே தூக்கிப் போட்டுவிடும். பெட்டி மாட்டப் போகும் மெக்கானிக்குகள் விவசாயியின் போனை வாங்கி அதை மாற்றி வைத்துவிட்டு வருவார்கள். ஸ்மார்ட்போன் வந்த பிறகு அந்த இடம் கண்ணிலேயே படுவதில்லை.

பத்து நிமிடத்துக்கு மேல் பழைய ஆனைச் செய்யாதே, பழைய ஆஃப் எவ்வளவு பழையதானாலும் செய். இப்படித்தான் விதி எழுதினேன். மோட்டார் நிற்பதால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது என் கணக்கு. தனிக் கிணறு வைத்திருந்தவர்களிடம் அந்தக் கணக்கு சரியாக ஓடியது. பங்குக் கிணறுகளுக்குப் பெட்டி போனபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

கொங்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி, பங்காளிகள் சேர்ந்து ஒரே கிணற்றை வைத்துக்கொள்வது வழக்கம். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, தண்ணீர் முறை வைத்து. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. பெட்டியில் நான்கு எண்ணைப் பதிந்துகொள்ளலாம். நான்கு பேரும் ஆன் செய்யலாம், நான்கு பேரும் ஆஃப் செய்யலாம். நிரலுக்கு நான்கு பேரும் ஒன்றுதான். மூத்தவர் தன் முறை முடிந்து ராத்திரி அனுப்பிய ‘0’, சிக்னல் இல்லாமல் காத்திருந்து, விடிகாலையில் இளையவர் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்து சேரும். என் விதிப்படி ஆஃப் என்றால் உடனே செய்ய வேண்டும். மோட்டார் நிற்கும்.

“ஏனுங்க தம்பி, என்ற முறையில அவரு எப்படீங்க நிறுத்தலாம்?” என்று கேட்டு ஒரு பெரியவர் பட்டறைக்கே வந்துவிட்டார். அண்ணன் அனுப்பியது நேற்றைய செய்தி, இன்றைக்கு வந்தது என்று விளக்கினேன். “நேத்து அனுப்புனது இன்னைக்கு வருமாக்கும்?” என்றார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பேசுவதே நின்றுபோயிருந்த அண்ணன் தம்பிக்கு நடுவில் என் நேர முத்திரை எந்த மூலைக்கு?

அதன் பிறகு நிரலில் முறைக்கும் இடம் வைத்தேன். மோட்டாரை ஓட்டியவர் எண்ணை நினைவில் வைத்துக்கொள். அவருடைய ஆஃப் என்றால் உடனே நிறுத்து. மற்றவர் ஆஃப் என்றால், அது அந்த ஆனுக்கு முன்னால் புறப்பட்டதா என்று முத்திரையைப் பார். முன்னால் என்றால் தள்ளிவிடு. பின்னால் என்றால் நிறுத்து, ஆனால் யார் நிறுத்தினார் என்பதை நான்கு பேருக்கும் சொல். இந்தக் கடைசி வரியைத்தான் ஊர் ஏற்றுக்கொண்டது. யார் எப்போது நிறுத்தினார் என்பது நான்கு போனிலும் எழுத்தில் இருக்கும்போது தகராறு பேச ஆதாரம் கிடைத்துவிடுகிறது, அல்லது தகராறே எழுவதில்லை. நூற்பாலையில் நான் படித்த அடையாளச் சோதனைகள் எதுவும் பங்காளிகளுக்கு உதவவில்லை. அவர்களுக்கு யார் என்பதில் சந்தேகமே கிடையாது.

பதில் அனுப்பினால் காசு ஆகும், அதுவும் பெட்டிக்குள் இருக்கும் சிம்மின் காசு. ஆனால் பதில் இல்லாத பெட்டியை யாரும் நம்ப மாட்டார்கள். பதில் வராவிட்டால் விவசாயி அதே கட்டளையை மூன்று தடவை அனுப்புவார். பதிலில் ‘கட்டளை கிடைத்தது’ என்று சொல்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ரிலே விழுந்ததா என்பதுகூட முக்கியமில்லை. மூன்று பேஸும் இருக்கிறதா, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறைந்தால் கிணற்றில் தண்ணீர் இல்லை, மோட்டார் சும்மா சுற்றுகிறது என்று பொருள். அப்போது பெட்டி தானே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். இதற்காகக் கட்டளை வந்தவுடன் பதில் போடாமல், ஓட்டிப் பார்த்து அரை நிமிடம் கழித்துப் போடும்படி வைத்தேன். அதில் வேறொரு நன்மையும் வந்தது. மோட்டார் எழும் நொடியில் வோல்டேஜ் சரியும். அதே நொடியில் மாட்யூல் செய்தி அனுப்பினால் ஒரு குதியில் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும். இரண்டும் சேர்ந்தால் மாட்யூல் விழுந்து எழும், பதில் போகாது. அரை நிமிடப் பொறுமையும் ஒரு பெரிய கெப்பாசிட்டரும் அதைத் தீர்த்தன.

பதிலுக்கு வெளியில் இருந்தும் தடை வந்தது. 2011 செப்டம்பர் 27 முதல் ஒரு சிம்மில் இருந்து நாளொன்றுக்கு 100 செய்திதான் என்று வரம்பு வந்தது. பிறகு அதை 200 ஆக்கினார்கள். அது எங்களைத் தொடவில்லை. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநில மக்களைப் பற்றிய வதந்தி பரவி அவர்கள் பெங்களூரு போன்ற நகரங்களை விட்டு ரயிலேறியபோது, நாடு முழுவதும் பதினைந்து நாளைக்கு ஒரு சிம்முக்கு நாளொன்றுக்கு ஐந்து செய்தி என்று கட்டுப்படுத்தினார்கள். சில நாளில் அது இருபதானது. பங்குக் கிணற்றில் ஒரு ஆனுக்கு நான்கு பதில். முதல் ஆனோடு பெட்டி கிட்டத்தட்ட ஊமையாகிவிடும். மோட்டார் ஓடும், சொல்லத்தான் முடியாது. பதில் வராததால் மறுபடி மறுபடி கட்டளை போட்டுத் தங்கள் ஐந்தையும் தீர்த்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பெட்டி ஒரு மிஸ்டு கால் கொடுத்தாலும் ‘ஓடுகிறது’ என்று பொருள் என ஒரு வழியைச் சேர்த்தோம்.

இப்போது பட்டறையில் என்னோடு இருக்கும் தம்பி எல்லாவற்றையும் டெலிகிராம் பாட் வழியாகச் செய்கிறான். 4ஜி மாட்யூல், ஒரு ரவுட்டர், சின்னக் கணினிப் பலகை. படம் அனுப்பலாம், பொத்தான் வைக்கலாம், தமிழிலேயே பேசலாம், 70 எழுத்துக் கவலை இல்லை. எனக்கும் பிடித்திருக்கிறது. “பழைய செய்தி வந்தால் என்ன செய்யும்?” என்று கேட்டேன். “இது எஸ்.எம்.எஸ். இல்லீங்கண்ணா, உடனே வந்துரும்” என்றான். ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். போனில் இருந்து ஆன் அனுப்பச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். பாட் படிக்காத செய்திகளை டெலிகிராமின் சர்வர் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். திரும்பி வந்து ஒயரைச் செருகியதும் மேசை மேல் இருந்த ரிலே டக்கென்று விழுந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு செய்தியோடும் வரும் தேதிப் புலத்தைத் தேடி எடுத்தான். “எத்தனை நிமிஷம் வைக்கட்டுமுங்கண்ணா?” என்றான். கிணறு தனிக் கிணறா, பங்குக் கிணறா என்று கேட்டேன்.